தோளுக்குள் ஒரு லென்ஸ்

தோள்மூட்டைப் பந்துக்கிண்ண மூட்டு என்று பள்ளியில் படித்திருப்போம். உண்மையில் அது கிண்ணமல்ல, ஆழமில்லாத ஒரு தட்டு. பெரிய பந்து அந்தச் சின்னத் தட்டின்மேல் ஒட்டி நிற்கிறது. கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிவது அதனால்தான். தோள் எளிதில் நழுவுவதும் அதனால்தான்.

அந்த மூட்டை அறுத்துத் திறக்காமல் பார்க்க உதவுவது ஆர்த்ரோஸ்கோப். 1918-இல் டோக்கியோவில் கெஞ்சி தகாகி, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயை ஓர் இறந்த உடலின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்ததிலிருந்து இது வளர்ந்தது. இன்றைய குழாயின் பருமன் சுமார் 4 மி.மீ. முனையில் உள்ள லென்ஸ் 30 டிகிரி சாய்ந்திருப்பதால், குழாயை இருந்த இடத்திலேயே திருகினால் போதும், பார்வை சுற்றிவரும்.

தோளின் பின்புறம், மேல் எலும்பின் மூலைக்குச் சுமார் 2 செ.மீ. கீழே, 1 செ.மீ. உள்தள்ளி, விரலுக்கு மெத்தென்று படும் இடத்தில் சிறு துளை போடுகிறார்கள். உப்புநீர் பாய்ந்து மூட்டு விரிகிறது.

திரையில் முதலில் தேடுவது புஜத்தசையின் நாணை. வெள்ளைக் கயிறுபோலத் தட்டின் உச்சியில் தொடங்கிப் பந்தின்மேல் வளைந்து போகும். திசை குழம்பினால் மருத்துவர் இதனிடம்தான் திரும்பி வருவார். தட்டைச் சுற்றி லேப்ரம் என்னும் நார் விளிம்பு. அதுதான் தட்டுக்குக் கொஞ்சம் ஆழம் தருகிறது.

கடினமான பகுதி இனிமேல்தான். பந்தின் பின்பக்கத்தில் குருத்தெலும்பு இல்லாத ஒரு வெற்றிடம் தெரியும். தோள் நழுவியபோது ஏற்பட்ட பள்ளமோ என்று தோன்றும். பள்ளத்துக்கு இருபுறமும் குருத்தெலும்பு இருந்தால் அது காயம். ஒருபுறம் குருத்தெலும்பும் மறுபுறம் தசைநாணும் இருந்தால் அது இயல்பான அமைப்பு.

தட்டின் முன்மேற்பகுதி இன்னும் ஏமாற்றும். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில் 200 தோள்களைப் பார்த்தபோது, 3 தோள்களில் அங்கே லேப்ரமே இல்லை. பதிலாகத் தடித்த கயிறுபோல ஒரு தசைநார். புஃபோர்ட் அமைப்பு என்று இதற்குப் பெயர். குறையொன்றும் இல்லாத தோள்தான். கிழிசல் என்று நினைத்து அந்தத் தசைநாரை எலும்போடு சேர்த்துத் தைத்துவிட்டால், அதன் பிறகு கையை வெளிப்பக்கம் திருப்புவது வலியும் சிரமமுமாகிவிடும்.