நோயை மறைக்கும் நாணம்

மனிதருக்கு வரும் நோய்களுட் சில ஊரறியப் பேசப்படுவன. சில வீட்டாரும் அறியாமல் மறைக்கப்படுவன. காய்ச்சல் என்றால் அயலவர் கொத்தமல்லிக் குடிநீர் அவித்துக்கொண்டு வருவர். பல்வலி என்றால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு சந்தியிலே நின்று நாலு பேருக்குச் சொல்லலாம். மூட்டுவாதம் என்றாலோ கோயில் வீதியிலே அதற்கென ஒரு சபையே கூடிவிடும். ஆனால், சிறுநீர் சம்பந்தமான நோய் வந்துவிட்டால் யாழ்ப்பாணத்தவராகிய நாம் வாயைத் திறப்பதில்லை. 'சலக்கடுப்பு' என்னும் சொல்லைக்கூடத் தாழ்ந்த குரலிலேதான் சொல்லுவோம்.

இந்த மௌனம் எத்துணைப் பொல்லாதது என்பதை அண்மையிலே நாம் நேரிற் கண்டோம். பிறருக்கும் பயன்படுமென்று கருதி அதனை இங்கே எழுதத் துணிந்தோம்.

ஒருநாட் காலை நம் சிறுநீர் செந்நிறமாகப் போயிற்று. வலியில்லை, எரிவில்லை, காய்ச்சலுமில்லை. முதல்நாள் மத்தியானம் உண்ட பீற்றூட் கறியை நினைவுகூர்ந்து மனத்தைத் தேற்றிக்கொண்டோம். பீற்றூட் உண்டவர் சிலருக்குச் சிறுநீர் சிவப்பது உண்மையே. இரண்டு நாளில் நிறம் தெளிந்தது. மூன்று வாரத்தின் பின் மீண்டும் சிவந்தது. அம்முறை பீற்றூட்டின் மேற் பழிபோட வழியிருக்கவில்லை. ஆயினும் ஒருவரிடமும் வாய் திறந்தோமில்லை. இவ்வாறே மூன்று மாதங்கள் கழிந்தன.

பிள்ளைகளுக்கு அறிவு புகட்டும் தொழிலிலே இருபது ஆண்டுகளைக் கழித்த நாம் ஏன் இவ்வாறு நடந்தோம்? அறியாமையினாலன்று, அறிந்தமையினாலேயே அஞ்சினோம். நாம் மாணாக்கராயிருந்த காலத்திலே நம் பெரியப்பா இதே நோயினால் இறந்தார். காலையிலே தோட்டத்துக்கு நீர் இறைக்கப் போகும்போது வாயில் வைத்த சுருட்டை மாலை வரை எடுக்காத மனிதர் அவர். சிறுநீரில் இரத்தம் போவதை ஓராண்டுக்கு மேலாக மறைத்திருந்தார். வீட்டார் அறிந்தபோது நோய் சிறுநீர்ப்பையைக் கடந்துவிட்டது. "இதை எப்பிடியடா தம்பி பிள்ளையளுக்குச் சொல்லுறது?" என்று அவர் கேட்ட கேள்வி இன்றும் நம் காதில் ஒலிக்கின்றது. அந்த ஓராண்டை விழுங்கியது நோயன்று, நாணம்.

நம் மௌனத்தைக் கலைத்தவர் இல்லத்தரசியார். "இஞ்சாருங்கோ, ஒரு மணித்தியாலமாய் ஒரே விடைத்தாளைத்தான் பார்த்துக்கொண்டு இருக்கிறியள். என்ன யோசனை?" என்றார் ஓரிரவு. அதற்குமேல் மறைக்க இயலவில்லை. கேட்டவர் அழவுமில்லை, ஏசவுமில்லை. "விடிய ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றார். மூன்று மாதமாகச் சுமந்த பாரம் அந்த ஒரு வார்த்தையிற் பாதியாய்க் குறைந்தது.

வைத்தியர் சிறுநீரைச் சோதித்தார்; ஸ்கான் எடுப்பித்தார்; பின்னர், "சிறுநீர்ப்பைக்குள் கமெரா விட்டுப் பார்க்கவேண்டும்" என்றார். சிஸ்டொஸ்கொபி என்பது அப்பரிசோதனையின் பெயர். சிறுநீர் வெளிவரும் வழியாகவே மெல்லிய குழாயொன்றை உட்செலுத்திச் சிறுநீர்ப்பையின் உட்சுவரைக் கண்ணாற் காண்பது அது. அதற்குக் குறித்த நாள் பதினொரு நாட்களுக்கு அப்பாலிருந்தது. மாதக்கணக்கில் நோயைச் சுமந்த காலத்தினும் அப்பதினொரு நாட்களே நமக்கு நெடியனவாயின.

அச்சத்தை ஆராய்ந்து பார்த்தால் அது மூன்று இழைகளால் முறுக்கிய கயிறு என்பது புலனாகும். வலிக்குமே என்பது ஒன்று. பிறர் முன்னிலையில் மறைவிடத்தைக் காட்டவேண்டுமே என்பது மற்றொன்று. முடிவு என்னவாகுமோ என்பது மூன்றாவது. மூன்றும் சேர்ந்திருக்கும்வரை கயிறு வலியது. ஒவ்வொன்றாகப் பிரித்தால் அது தளரும்.

வலியைப் பற்றிய அச்சம் பழமையானது. அக்காலத்தில் அது நியாயமானதுமாகும். சிறுநீர்ப்பைக் கல்லை அறுத்தெடுக்கும் முறையைச் சுசுருத சங்கிதை விவரிக்கின்றது. செய்யாவிடின் மரணம் நிச்சயம், செய்தாற் பிழைப்பது சந்தேகம் என்பதால், அரசனிடம் அனுமதி பெற்ற பின்னரே வைத்தியன் அதனைத் தொடங்கவேண்டும் என்றும் அந்நூல் விதிக்கின்றது. இங்கிலாந்திலே நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பெப்பிஸ் என்பவர் 1658 மார்ச் 26ஆந் திகதி, மயக்க மருந்து என்பதே இல்லாத காலத்தில், கட்டிவைக்கப்பட்ட நிலையில் இச்சத்திர சிகிச்சைக்கு உட்பட்டார். பிழைத்தெழுந்தவர் ஆண்டுதோறும் அந்த நாளை விருந்து வைத்துக் கொண்டாடலானார்.

அறுத்துத் திறவாமல் உள்ளே பார்ப்பது எப்படி என்பதே பிற்கால வைத்தியரின் சிந்தனையாயிற்று. 1806ஆம் ஆண்டளவில் ஜெர்மனியிலே பொசினி என்னும் வைத்தியர் மெழுகுதிரி ஒளியைக் கண்ணாடியினால் உடலினுட் பாய்ச்சும் கருவியொன்றைச் செய்தார். வியன்னா நகரத்து வைத்தியப் பேராசிரியர்கள் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. 1853இல் பிரான்சிலே டெசோர்மோ என்பவர் மதுசாரமும் கற்பூரத் தைலமும் கலந்தெரியும் விளக்கைப் பயன்படுத்தினார். பின்னர் 1870களின் இறுதியில் ஜெர்மானிய வைத்தியர் மக்ஸ் நிட்ஸே, மின்சாரத்தினால் ஒளிரும் பிளாற்றினக் கம்பியைக் குழாயின் நுனியிலேயே வைத்துச் சிறுநீர்ப்பையின் உள்ளே விளக்கேற்றினார். கம்பியின் வெப்பத்தைத் தணிக்கக் குளிர்நீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. எடிசனின் மின்குமிழ் சிறிதாக்கப்பட்ட பின்னரே அந்தத் தொல்லை நீங்கிற்று.

ஆயினும் அக்கருவிகள் யாவும் வளையாத உலோகக் குழாய்கள். அவற்றை வளையச் செய்ய வழிகாட்டியவர்களுள் நம் அயல் நாட்டவர் ஒருவரும் உளர். பஞ்சாபிலே மோகா என்னும் ஊரிற் பிறந்த நரீந்தர் சிங் கப்பானி இலண்டனிலே பேராசிரியர் ஹொப்கின்ஸிடம் ஆராய்ச்சி செய்தார். மயிரினும் மெல்லிய கண்ணாடி இழைகளைக் கற்றையாகக் கட்டினால் வளைந்த வழியிலும் உருவத்தைக் கடத்தலாம் என்பதை இருவரும் 1954இல் வெளியிட்டனர். இன்றைய வளையும் குழாய்கள் அவ்வழியில் வந்தவை. இப்போது பலவற்றின் நுனியில் நுண்ணிய கமெராவே இருக்கின்றது. குழாயின் பருமன் ஏறக்குறைய ஐந்து மில்லிமீற்றர்; நம் மாணாக்கர் எழுதும் பென்சிலிலும் மெல்லியது. பெப்பிஸின் நாளையும் நம் நாளையும் ஒப்பிட்டபோது முதல் இழை சற்றே தளர்ந்தது.

இரண்டாவது இழையைத் தளர்த்தியது வைத்தியரின் பேச்சு. அவர் நம் துண்டின் பின்புறத்திலே சிறுநீரகம், சிறுநீர்ப்பை, சிறுநீர்வழி ஆகியவற்றைப் படமாக வரைந்து, எது எங்கே செல்லும், எப்போது எரியும், எத்தனை நிமிடம் ஆகும் என்பவற்றையெல்லாம் நல்ல தமிழிலே சொன்னார். சொல்லப்பட்ட உறுப்பு நாணத்துக்குரிய பொருளாயிராமல் அறிவுக்குரிய பொருளாகிவிடுகின்றது.

இஃது நம் மண்ணுக்குப் புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே இருந்துகொண்டு தமிழிலே வைத்தியம் கற்பித்தார். நோயாளிக்குப் புரியும் மொழியிலேயே வைத்தியனும் கற்கவேண்டும் என்று கருதி 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' முதலிய நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும், மறைவுறுப்புக்கும்கூட, தமிழிலே பெயர் வைத்து அச்சேற்றியவர் அவர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அச்சிலே வந்த சொற்களை இன்று வைத்தியர் முன்னிலையிற் சொல்ல நாம் கூசுவது விந்தையன்றோ?

சைவ நன்மக்கள் அப்பர் சுவாமிகளின் வரலாற்றையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். தருமசேனராய்ப் பெருமதிப்புடன் வீற்றிருந்த அவரைச் சூலை நோய் வருத்தியது. அவர் தமக்கையார் திலகவதியாருக்குச் செய்தி அனுப்பினார். பின்னர் இரவோடிரவாக அவரைத் தேடிச் சென்றார். பதவியும் கல்வியும் தடையாயிருக்கவில்லை. உற்றாரிடம் நோயைச் சொல்லுதல் இழிவன்று என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

குறித்த நாள் வந்தது. வாங்கிலே நமக்குப் பக்கத்தில் ஒரு முதிய கமக்காரர் இருந்தார். நம் கால் நடுங்குவதைக் கண்டு, "தம்பிக்கு முதல் தரமோ? எனக்கு இது ஆறாந் தரம். பல்லுப் பிடுங்கிறதை விட இது சுகம்" என்றார். வைத்திய நூல் சொல்லாத ஆறுதலை அந்த வார்த்தை தந்தது.

உள்ளே நிகழ்ந்ததை உள்ளபடி சொல்லுகின்றோம். சிறுநீர் கழித்துவிட்டு மேலங்கி அணிந்து மல்லாந்து படுத்தோம். வேண்டிய இடம் தவிர மற்றெல்லாம் துணியால் மூடப்பட்டது. துப்புரவு செய்து, மரத்துப்போகச் செய்யும் களிம்பைச் சிறுநீர்வழியிற் செலுத்திச் சில நிமிடம் காத்திருந்தனர். குழாய் சென்றபோது ஓரிடத்திற் சுருக்கென்றது. "மூச்சை மெல்ல விடுங்கோ சேர், கால் விரலை ஆட்டுங்கோ" என்றார் தாதி. அவ்வாறு செய்ய அது கடந்தது. சிறுநீர்ப்பையை விரிப்பதற்கு நீர் விடப்பட்டபோது, அடக்கமுடியாமற் சிறுநீர் வருவது போன்ற உணர்ச்சி உண்டாயிற்று. எல்லாம் பத்து நிமிடத்துக்குள் முடிந்தன. நாணத்துக்கு அங்கே நேரமே இருக்கவில்லை. அவரவர் தத்தம் வேலையிற் கண்ணாயிருந்தனர். ஆணுக்குச் சிறுநீர்வழி நீளமானது. பெண்ணுக்கு நாலு சென்ரிமீற்றர் அளவே ஆதலால், இப்பரிசோதனை அவர்களுக்குப் பெரும்பாலும் இன்னும் எளிது. பெண்கள் தம்முடன் ஒரு தாதி நிற்கவேண்டுமென்று தயங்காமற் கேட்கலாம். சில காரணங்களுக்காக வளையாத குழாயையே பயன்படுத்த நேரிடும்போது, விறைப்பூசியோ மயக்க மருந்தோ கொடுத்தே அதனைச் செய்வர்.

மூன்றாவது இழை மட்டும் நம்மை விடவில்லை. அயலிலிருந்த திரையிலே, இளஞ்சிவப்புச் சுவரின் ஓரத்திற் சிறிய பூப்போன்ற ஒரு வளர்ச்சியை நாமே கண்டோம். இரண்டு வாரத்தின் பின் அதே வழியாகக் கருவி செலுத்தி, வயிற்றை அறுக்காமலே அதனை அகற்றினர். புற்றுநோய்தான், ஆயினும் தசைக்குள் இறங்காத நிலையிலே அகப்பட்டுவிட்டது. "இன்னும் ஓராண்டு பொறுத்திருந்தால்?" என்று கேட்டோம். வைத்தியர் விடை சொல்லவில்லை. பெரியப்பாவின் முகம் நம் மனக்கண்ணிலே தோன்றியது.

ஆகவே வாசக நேயர்களுக்குச் சில வார்த்தைகள். சிறுநீரில் ஒருமுறை இரத்தம் கண்டாலும், வலி இல்லாவிடினும், மறுநாளே நின்றுவிட்டாலும் வைத்தியரிடம் செல்லுங்கள். தானே நின்றுவிடுவதுதான் இந்நோயின் வஞ்சகம். கிருமித்தொற்று, கல், ஆண்களுக்குச் சுக்கிலச் சுரப்பி வீக்கம் எனக் காரணம் வேறாகவும் இருக்கலாம், பார்த்தாலன்றித் தெரியாது. நெருஞ்சில், சிறுபீளை முதலியவற்றை அவித்துக் குடிப்பது நம் வழக்கம். இரத்தம் கண்டவர் அதனை நம்பிக் காலத்தைப் போக்கலாகாது.

பரிசோதனைக்கு முன், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவராயினும், காய்ச்சலோ சிறுநீர் எரிவோ உடையவராயினும் அதனை வைத்தியருக்குச் சொல்லுங்கள். பரிசோதனையின் பின் இரண்டொரு நாள் எரிவும், சிறுநீரில் இலேசான சிவப்பும் இருக்கும். தண்ணீர் அருந்தினால் தணியும். குளிர்க்காய்ச்சல் வந்தாலோ, இரத்தக்கட்டி போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

மாணாக்கருக்கும் ஒன்று சொல்லவேண்டும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குரிய காரணங்களுள் முதன்மையானது புகைத்தல். புகையிலுள்ள நஞ்சு இரத்தத்திற் கலந்து, சிறுநீரகத்தால் வடிக்கப்பட்டு, சிறுநீர்ப்பையிலே மணிக்கணக்காகத் தங்குகின்றது. சுருட்டுக்குப் பேர்போன நாட்டிலே பிறந்த நாம், பல்கலைக்கழக நாளிலே தொடங்கிய சிகரெட்டை நாற்பதாம் வயதிலேதான் கைவிட்டோம். அந்தத் தாமதத்துக்கும் நாமே பொறுப்பு.

நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்திலிருந்து உதவுவோர் என மருத்துவத்துக்கு நான்கு பகுதிகளை வகுத்தார் வள்ளுவர். நோயாளி வாய் திறவாவிடின் ஏனைய மூன்றும் அவனிருக்குமிடத்தை அறியமாட்டா.

மூன்றாம் மாதத்தில் இப்பரிசோதனை நமக்கு மீண்டும் நடைபெற்றது. புதிய வளர்ச்சி எதுவும் இல்லை. இனியும் ஆண்டுகள் பலவற்றுக்கு நடைபெறும். முதல்நாள் இரவு இப்போதும் நித்திரை குறைவுதான். ஆனால், அந்த விழிப்பிலே நாம் தனித்திருப்பதில்லை. இல்லத்தரசியாருக்குத் தெரியும், மூத்த மகனுக்கும் தெரியும். சென்றமுறை வாங்கிலே நமக்குப் பக்கத்தில் ஓர் இளைஞர் கால் நடுங்க இருந்தார். "தம்பிக்கு முதல் தரமோ?" என்று கேட்டோம்.