மலையைச் சுட்ட மனிதர்!

ஆபீஸ் டேபிளில் டீ ஆறிக்கொண்டிருக்கிறதே, அந்தப் பீங்கான் கப்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு காலத்தில் அது மலை!

சத்தியமா சார்! கருங்கல்லில் ஃபெல்ட்ஸ்பார் என்று ஒரு சரக்கு உண்டு. லட்சக்கணக்கான வருஷம் மழையில் ஊறி, மக்கி, வெள்ளைக் களிமண்ணாகிவிடும். பெயர் கயோலின். சீனாவில் ஜிங்டெஜென் என்கிற பீங்கான் ஊருக்குப் பக்கத்துக் குன்று காவ்லிங். அதன் பெயர்தான் மண்ணுக்கு வந்தது. பி.காம். ஆசாமியான எனக்குப் புரிகிற பாஷையில், களிமண் என்பது மலையின் டிப்ரிசியேஷன். அதைச் சூளையில் வைத்து 1300 டிகிரியில் சுட்டால் திரும்பவும் கல்! தேய்ந்ததை மீட்கும் இந்த வித்தை எங்கள் அக்கவுண்டன்ஸி புத்தகத்தில் கிடையாது.

இந்த வித்தையை வைத்து மலையையே செய்தவர் வெய்ன் ஹிக்பி. 1943-ல் அமெரிக்காவின் கொலராடோவில், ராக்கி மலையடிவாரத்தில் பிறந்தவர். வேலை கிடைத்ததோ நியூயார்க் மாநிலத்தில். 1973-ல் ஆல்ஃபிரட் பல்கலைக்கழகத்தில் வாத்தியாராகச் சேர்ந்தார். ஊர் ஞாபகம் வந்தால் நாம் லெட்டர் போடுவோம். இவர் பெரிய பெரிய மண் கிண்ணம் செய்தார். கிண்ணத்தின் விளிம்புதான் மலைமுகடு. வெளிப்பக்கம் ஏறுகிற பாறை, விளிம்பைத் தாண்டி உள்பக்கம் பள்ளத்தாக்காக இறங்கும்.

சுட்டது 'ராக்கு' முறையில். ஜாதக ராகு இல்லீங்க! ஜப்பானில் பிறந்து அமெரிக்காவில் உருமாறிய முறை. செக்கச்செவேலென்று இருக்கும்போதே இடுக்கியால் வெளியே எடுத்து, மரத்தூளில் போட்டு மூடுவார்கள். புகை குடித்த இடம் கறுக்கும். மெருகு வெடிப்பு விடும். நிஜப் பாறை தோற்றது!

நம்மூரில் 'சுட்டுட்டான்' என்றால் திருட்டு. ஹிக்பி சுட்டதில் மலைக்கு நஷ்டமில்லை. நஷ்டம் வேறு இடத்தில் நடந்தது. கொலராடோ ஆற்றில் 1963-ல் க்ளென் கேன்யன் அணையின் மதகை மூடினார்கள். பாவெல் ஏரி நிரம்ப 1980 ஆயிற்று. ஏறத்தாழ 19 கோடி வருஷத்துக்கு முந்தைய மணல்மேடுகள் இறுகிய சிவப்புப் பாறைகள், பழங்குடிகளின் பழைய குடியிருப்புகள் எல்லாம் தண்ணீருக்குள் போயின. கரன்ட் வேணும், தண்ணி வேணும், நியாயம்தான். அதற்கெல்லாம் வரவில் இடமுண்டு. போன பள்ளத்தாக்கை எந்தப் பத்தியில் எழுதுவது?

ஹிக்பி பீங்கானில் எழுதினார். 'பாவெல் ஏரி நினைவு' என்று வரிசையாகப் பலகைகள். பிளவு, பாறைச் சரிவு, தண்ணீர்ச் சாயலில் மெருகு. கணக்கெழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதுதான் சரியான பதிவாகப் படுகிறது.

2023-ல் வறட்சி. நிரம்பத் தொடங்கிய பிறகு காணாத அளவுக்கு ஏரி இறங்கியது. மூழ்கிய பாறைகள் தலைகாட்டின, உடம்பெல்லாம் சுண்ணாம்பு படிந்த வெள்ளைப் பட்டையோடு. யாரோ மெருகு பூசிவிட்டு, சுட மறந்து போன மாதிரி!