பூட்டிக் கிடந்த நூலகமும் பாலைவனத்துத் தண்ணீரும்

ஜோர்டான் நாட்டின் தலைநகரான அம்மானில் ஓர் ஏழைக் குடும்பம். ஃபலஸ்தீன் மண்ணிலிருந்து அகதிகளாக வந்து குடியேறியவர்கள். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே அறையில் வாழ்ந்தனர். அவர்கள் வளர்த்த கால்நடைகளுக்கும் அதே அறைதான் இருப்பிடம். மின்சாரம் கிடையாது. குழாயில் தண்ணீர் வருவது வாரத்திற்கோ இரு வாரங்களுக்கோ ஒரு முறை. அதுவும் சில மணி நேரமே. அந்நேரத்தில் வீட்டிலுள்ள பாத்திரங்களை எல்லாம் நிரப்பி வைத்தாக வேண்டும். தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. தந்தை ஆறாம் வகுப்போடு கல்வியை நிறுத்திக் கொண்டவர்.

1965ஆம் ஆண்டு அக்குடும்பத்தில் பிறந்த சிறுவனின் பெயர் உமர் யாகி. 2025 அக்டோபர் 8ஆம் நாள், அவ்வாண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெறும் மூவருள் ஒருவராக அப்பெயர் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவின் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர், அவ்வேளையில் ஃபிராங்ஃபர்ட் விமான நிலையத்தில் விமானம் மாறிக் கொண்டிருந்தார். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுசுமு கிடகாவா, ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ராப்சன் ஆகியோர் மற்ற இருவர். மூவருமே பல்கலைக்கழக ஆசிரியர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

பத்து வயதில் கிடைத்த புதையல்

உமருக்கு அப்போது வயது பத்து. அவர் படித்த பள்ளியின் நூலகம் பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். ஒரு நாள் அது திறந்திருக்கக் கண்டு, யாரும் அறியாமல் உள்ளே நுழைந்தார். அலமாரியிலிருந்து கைக்குக் கிடைத்த ஒரு நூலை எடுத்துப் பிரித்தார். உருண்டைகளும் குச்சிகளும் இணைந்த விந்தையான படங்கள் அதில் இருந்தன. அவை மூலக்கூறுகளின் படங்கள் என்பது பின்னாளில்தான் அவருக்குத் தெரிந்தது. பொருள் விளங்காவிடினும் அவற்றின் அழகு உள்ளத்தைக் கவர்ந்தது. அந்தக் கவர்ச்சியே வாழ்நாள் பணியாயிற்று.

பதினைந்தாம் வயதில், தந்தையின் கண்டிப்பான கட்டளைப்படி அவர் அமெரிக்கா சென்றார். ஆறாம் வகுப்பைத் தாண்டாத ஒரு தந்தை, தம் பிள்ளை எவ்வளவு படிக்க வேண்டும் என்று எண்ணியிருக்கிறார் பாருங்கள்! கடையில் சாமான்களைப் பையில் இட்டுக் கொடுத்தும், தரையைத் துடைத்தும் பொருளீட்டியவாறே உமர் படித்தார். நியூயார்க் மாநிலத்தின் சமுதாயக் கல்லூரி ஒன்றில் தொடங்கி, ஆல்பனி பல்கலைக்கழகத்தில் 1985இல் பட்டம் பெற்றார். 1990இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவரானார். 1992 முதல் அரிசோனா, மிச்சிகன், லாஸ் ஏஞ்சல்ஸ் எனப் பல பல்கலைக்கழகங்களில் பணியாற்றி 2012இல் பெர்க்லி வந்து சேர்ந்தார்.

மரப்பந்திலிருந்து பிறந்த எண்ணம்

இம்மூவரும் செய்த சாதனைதான் என்ன?

1974ஆம் ஆண்டு. ராப்சன் தம் மாணவர்களுக்கு மூலக்கூறுகளின் வடிவை விளக்க மரப்பந்துகளைக் கொண்டு மாதிரிகள் செய்ய முனைந்தார். பந்துகளில் துளையிட்டுத் தர வேண்டியது பல்கலைக்கழகத்தின் பட்டறை. துளைகளை மனம் போனபடி இட முடியாது. ஒவ்வோர் அணுவும் எத்திசைகளில் பிணையுமோ அவ்விடங்களைக் குறித்துக் கொடுக்க வேண்டும். பந்துகள் வந்தன. குச்சிகளைச் செருகியதும், துளைகளின் இடமே முழு வடிவத்தையும் தீர்மானித்து விடுவதை ராப்சன் கண்டார். உண்மையான மூலக்கூறுகளையும் இப்படித் திட்டமிட்டுக் கோக்க இயலுமா என்ற கேள்வி அவருள் எழுந்தது. பத்தாண்டுகளுக்கும் மேலாக அதனைச் சுமந்திருந்து, செம்பு அயனிகளை நான்கு கைகள் கொண்ட மூலக்கூறுகளுடன் இணைத்து, உள்ளே பெரும் வெற்றிடங்களைக் கொண்ட படிகத்தை உருவாக்கினார். 1989இல் அதனை வெளியிட்டார். பாடம் நடத்தச் செய்த மாதிரி ஒரு புதிய துறைக்கே வித்தாயிற்று.

ஆனால் அந்தப் படிகங்கள் எளிதில் குலைந்து விட்டன. இவற்றால் என்ன பயன் என்று பலர் கேட்டனர். கிடகாவா தம் ஆய்வுக்கு நிதி கேட்டபோதும் இதே கேள்வி எழுந்தது, கைகள் விரிக்கப்பட்டன. அவர் சோர்ந்து விடவில்லை. வாயுக்கள் உட்புகுந்து வெளிவந்தாலும் வடிவம் குலையாத கட்டமைப்பை 1997இல் செய்து காட்டினார்.

உமர் யாகி 1995இல் இவ்வகைப் பொருளுக்கு 'உலோகக் கரிமக் கட்டமைப்பு' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். 1999இல் அவர் படைத்த ஒரு கட்டமைப்பு 300 பாகை செல்சியஸ் வெப்பத்தையும் தாங்கியது. உலோக அயனிகளைத் தூண்களாகவும் கரிம மூலக்கூறுகளை உத்தரங்களாகவும் கொண்டு எழுப்பிய மாளிகை என்று இதனைக் கூறலாம். கண்ணுக்குத் தெரியாத அறைகள் எண்ணிறந்தவை. ஓரிரு கிராம் பொருளின் உட்பரப்பை விரித்தால் ஒரு கால்பந்து மைதானமே நிறைந்து விடும்! அறையின் அளவையும் சுவரின் தன்மையையும் மாற்றினால், எதனை உள்ளே தங்க வைக்கலாம் என்பதையும் நாமே தீர்மானிக்கலாம். கரியமில வாயுவைப் பிடிக்கவும், ஹைட்ரஜனைச் சேமிக்கவும், நச்சு வாயுக்களை அடைத்து வைக்கவும் இவை உதவக் கூடியவை.

காற்றிலிருந்து தண்ணீர்

நெஞ்சை நெகிழ வைப்பது இனிமேல்தான் வருகிறது. யாகியின் ஆய்வுக் குழுவினர் அரிசோனா பாலைவனத்தில் ஒரு சோதனை நடத்தினர். இரவில் இப்பொருள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கொண்டது. விடிந்து, கதிரவன் சூடேற்றியதும் அந்த ஈரம் வெளிப்பட்டுத் தண்ணீராகச் சேர்ந்தது. குழாயில் தண்ணீர் வரும் நேரத்திற்காகக் காத்துக் கிடந்த சிறுவன், வறண்ட காற்றிலிருந்தே தண்ணீர் எடுக்கும் வழியைக் கண்டு விட்டார்! இன்னும் ஊர்களுக்கெல்லாம் நீர் வழங்கும் அளவிற்கு இம்முறை வளர்ந்துவிடவில்லை. செலவு குறைய வேண்டும். அளவு பெருக வேண்டும். எனினும் வழி திறந்து விட்டது.

உலகில் மனிதர்களைச் சமமாக்கும் மாபெரும் சக்தி அறிவியலே என்று பரிசு பெற்ற வேளையில் யாகி கருத்துத் தெரிவித்தார். அகதிக் குடும்பத்தில் வளர்ந்தவர் சொல்லும்போது அச்சொல்லுக்குத் தனி எடை உண்டு. 2015இல் இதே வேதியியல் பரிசைப் பெற்ற துருக்கியர் அஸீஸ் சன்ஜாரும் எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரின் பிள்ளையே என்பது இங்கு நினைவுகூரத் தக்கது.

அன்பு வாசகர்களே! ஒரு பரிசுக்குப் பின்னால் எத்தனை கைகள்! துளையிட்ட பட்டறைப் பணியாளர், பிள்ளையைப் பிரியத் துணிந்த தந்தை, படிக்காமலே படிப்பின் அருமை அறிந்த தாய். எல்லாவற்றுக்கும் மேலாக, அன்றொரு நாள் திறந்திருந்த ஒரு கதவு. அது வழக்கம் போல் பூட்டியிருந்தால்? நம் ஊர்களிலும் பள்ளிகள் இருக்கின்றன, நூலகங்களும் இருக்கின்றன. அவற்றின் சாவி யாரிடம் இருக்கிறது, கதவு எப்போது திறக்கிறது என்று நாளைக்கே சென்று கேட்டுப் பார்ப்போமா?