வாப்பாவின் இருதயத்துக்கு ஒத்துவராத குளிசைகள்

எங்கள் வாப்பா வில்கமுவவில் சிறிய கடையொன்றை நடத்தியவர். பல வருடங்களாகப் பிரஷருக்குக் குளிசை பாவித்தார். எழுபது வயதைத் தாண்டியதும் கால்கள் வீங்கின, நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கியது. இருதயம் பலவீனம் என்று கூறி, வழமையான மருந்துகளைக் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் ஸுபஹுக்கு எழும்பும்போது தலைசுற்றி இரண்டு முறை விழுந்தார்.

"குளிசை போடாத நாள்ல தான் மகன் எனக்கு சுகம்" என்பார். பிடிவாதம் என்று நினைத்து நாங்கள் ஏசினோம். அவர் சொன்னதில் உண்மை இருந்தது.

ஹஸலக வழியாகப் பதினெட்டு வளைவு ஏறி, கண்டியில் ஓர் இருதய நோய் நிபுணரிடம் காட்டினோம். ஈசிஜியில் அலைகள் சிறிதாக இருந்தன. ஸ்கேனிலோ இருதயச் சுவர் தடித்திருந்தது. இரண்டு கை மணிக்கட்டிலும் விறைப்புக்காக முன்னர் சத்திரசிகிச்சை செய்ததையும் அவர் கேட்டறிந்தார். மேலும் சில சோதனைகளின் பின் நோயின் பெயரைச் சொன்னார்: இருதய அமிலொய்டோசிஸ்.

உடலில் உருவாகும் ஒரு புரதம் வடிவம் கெட்டு, இருதயத் தசைக்குள் படிந்து, அதை விறைப்பாக்கும் நோய் இது. விறைத்த இருதயம் நன்கு விரியாது. ஒரு துடிப்பில் கொஞ்ச இரத்தத்தையே அனுப்ப முடியும். ஆகவே வேகமாகத் துடித்துத்தான் அது ஈடுசெய்கிறது. பைசொப்ரொலோல் போன்ற பீட்டா தடுப்பு மருந்துகள் அந்த வேகத்தைக் குறைக்கின்றன. எனலாபிரில், லோசார்டன் போன்றவை பிரஷரை இறக்குகின்றன. நரம்புகளும் பாதிக்கப்பட்டிருந்தால், எழுந்து நிற்கும்போது பிரஷர் சட்டென விழுந்துவிடும். வெரபமில், டில்டியாசெம் ஆகியவற்றை இந்நோயாளருக்குப் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். டிகொக்சினை மிகுந்த அவதானத்துடனேயே கொடுக்கிறார்கள்.

அதற்காக இம்மருந்துகள் எல்லாமே கூடாதவை என்று முடிவுகட்ட முடியாது. லண்டனிலுள்ள தேசிய அமிலொய்டோசிஸ் நிலையத்தில், முதியவர்களிடம் அதிகம் காணப்படும் டிரான்ஸ்தைரெட்டின் வகை நோயுள்ள 2371 பேரின் விபரங்களை ஆராய்ந்து 2023இல் வெளியிட்டார்கள். பீட்டா தடுப்பு பாவித்தவர்களில் ஐந்தில் ஒருவரும், எனலாபிரில், லோசார்டன் வகை பாவித்தவர்களில் மூன்றில் ஒருவரும் பின்னர் அதை நிறுத்த வேண்டியிருந்தது. ஸ்பைரனொலக்டோன் வகையை நிறுத்தியவர்கள் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர்தான். அதைப் பாவித்தவர்களிடையே மரணமும் குறைவாக இருந்தது. இருதயத்தின் பம்ப் பண்ணும் சக்தி நன்றாகக் குறைந்தவர்களில், குறைந்த அளவு பீட்டா தடுப்பு பாவித்தவர்களிடமும் அவ்வாறே காணப்பட்டது. இது பழைய பதிவுகளைப் பார்த்த ஆய்வு என்பதால் இறுதி முடிவாகாது. ஆனாலும் ஒருவருக்கு ஒத்துவராத மருந்து இன்னொருவருக்குப் பயன்படலாம் என்பதை அது காட்டுகிறது.

வாப்பாவுக்கு சில குளிசைகளை நிறுத்தி, சிலவற்றின் அளவைக் குறைத்தார்கள். வீக்கத்துக்கு ஃபுரோசமைட் தொடர்ந்தது. தினமும் காலையில் நிறை பார்த்து எழுதி வைக்கிறோம். இப்போது விழுவதில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

நோயையே மெதுவாக்கும் மருந்தும் உண்டு. 441 பேரிடம் பரிசோதித்த டஃபாமிடிஸ் பற்றிய ஆய்வு 2018இல் வெளியானது. முப்பது மாதங்களில், வெற்றுக் குளிசை பெற்றவர்களில் 42.9 வீதமானோரும், டஃபாமிடிஸ் பெற்றவர்களில் 29.5 வீதமானோரும் இறந்தனர். ஆனால் அதன் விலை மிக அதிகம். எலும்பு மச்சையிலிருந்து வரும் இன்னொரு வகை அமிலொய்டோசிஸ் வேகமாக மோசமடையும். அதற்கு உடனடியாக வேறு சிகிச்சை தேவை. எனவே எந்த வகை என்பதை அறிவது முக்கியம்.

உங்கள் வீட்டிலும் பல வருடமாக இருந்த பிரஷர் தானாகவே இறங்கிவிட்டதா? வழமையான மருந்து தலைசுற்ற வைக்கிறதா? இரண்டு கைகளிலும் விறைப்பு இருந்ததா? அடுத்த கிளினிக்கில் இதை வைத்தியரிடம் சொல்லுங்கள். குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பக்கத்து வீட்டாரின் குளிசையை வாங்கிப் போடவும் வேண்டாம். முக்கியமாக, "ஒத்துவருதில்ல" என்று வயதானவர் சொன்னால், எங்களைப் போல் ஏசாமல், அதைக் கிளினிக் கொப்பியோடு கொண்டுபோய் வைத்தியரிடம் சொல்லுங்கள்.