கோஸ் இலை கூப்பிடும் குளவி

கொடைக்கானல் மேல்மலைக் கிராமமான கூக்காலில் விளையும் மலைப்பூண்டை உரித்து, நசுக்காமல் முகர்ந்து பாருங்கள். வாசனை அதிகம் இருக்காது. ஒரு தட்டுத் தட்டினால்தான் மூக்கில் ஏறும். பல்லுக்குள் தனித்தனியே இருந்த அல்லினும் அதை மாற்றும் நொதியும் காயம் பட்ட கணத்தில் கலந்து அல்லிசின் ஆகின்றன. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டின் காரமெல்லாம் அந்தச் செடியின் தற்காப்பு.

மற்ற செடிகளும் காயம் பட்டால் மணக்கும். அரிந்த புல்லின் பச்சை வாடை, சில நொடிகளில் இலைக் கொழுப்பு உடைந்து எழும் ஆவி. பக்கத்துச் செடி அதை உணர்கிறது என்று 1983-ல் ஆய்வாளர்கள் பால்ட்வினும் ஷுல்ட்ஸும் எழுதியபோது பலர் நம்பவில்லை. 2023-ல் ஜப்பானின் சைத்தாமா பல்கலைக்கழகத்தில் மசாட்சுகு டொயோட்டாவின் குழு அதைப் படமே எடுத்துவிட்டது. புழு கடித்த இலையின் ஆவி பட்டதும், கடிபடாத செடியின் இலைத்துளைக் காவல் செல்களில் தொடங்கி உள்ளே வரை கால்சியம் ஏறி ஒளிர்ந்தது.

செடி ஊருக்கு உழைக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு கிளையின் செய்தி இன்னொரு கிளைக்குச் சாறு வழியே எல்லா நேரமும் போய்ச் சேர்வதில்லை. காற்றில் அனுப்பினால் சேரும். தன் கிளைக்குச் சொன்னது அடுத்த செடிக்கும் கேட்டுவிடுகிறது.

குளவிக்கும் கேட்கிறது. மேல்மலை விவசாயிகளுக்கு முக்கியமானது இதுதான். முட்டைக்கோஸை வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு தின்னும்போது இலை விடும் ஆவியைப் பிடித்துக்கொண்டு டயடெக்மா என்ற சிறு குளவி வருகிறது. புழுவுக்குள் முட்டையிடுகிறது. குளவிக் குஞ்சு புழுவை உள்ளிருந்தே தின்றுவிடுகிறது. குளிர்மலைதான் இந்தக் குளவிக்கு ஏற்ற இடம். நீலகிரியின் கோஸ் தோட்டங்களில் அது நிலைபெற்றிருக்கிறது.

மருந்தடித்தால் முதலில் சாவது குளவி. புழுவோ, 1953-லேயே ஜாவாவில் டிடிடிக்குத் தப்பிய இனம். அதற்குப் பிறகு வந்த மருந்துகள் பலவற்றையும் பழகிக்கொண்டது. செடி கூப்பிட்டு வந்த ஆளை நாமே கொன்றால் அடுத்த முறை இன்னும் அதிகமாக அடிக்க வேண்டிவரும்.

அதனால் தெளிப்பானைத் தோளில் மாட்டுமுன் நாலு செடியின் இலைகளைப் புரட்டிப் பாருங்கள். புழு பின்னிய வலைக்கூட்டுக்குள் இரு முனையும் மழுங்கிய பழுப்பு உருளைகள் தெரிந்தால் குளவி வந்துவிட்டது. அன்றைக்கு மருந்தை நிறுத்தி வையுங்கள்.