கணினியின் மொழியை மாற்றுமுன்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று கடலோரமாக நெருங்கியிருக்கும் நம் ஊர்களில், பள்ளிவாசல் மஹல்லாவின் குடும்பப் பதிவேடும், ஸகாத் பெறுவோர் பட்டியலும், காணி உறுதிகளின் பிரதிகளும், கைத்தறி வியாபாரியின் கடன் கணக்கும் கணினிக்குள் ஏறிவிட்ட பின்பும், அவற்றைக் கையாளும் மென்பொருளின் முகம் பெரும்பாலும் ஆங்கிலமாகவே இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தம் வடக்கு கிழக்கில் நிருவாகத்துக்கும் பொதுப் பதிவேடுகளுக்கும் அதனையே உரியதாக்கிய நாட்டில், ஓர் எழுதுவினைஞர் தம் திரையையும் தமிழிற் காண விரும்புவது நியாயமான ஆசையே. ஆனால் அந்த ஆசையோடு கடைக்குப் போனவரிடம், "போர்மட் அடித்துப் புதிதாகப் போட்டுத் தருகிறோம்" என்று சொல்லப்படுமாயின், அவர் அங்கேயே தடுத்து நிறுத்த வேண்டும். மொழியை மாற்றுவதற்கு வட்டை அழிக்க வேண்டிய அவசியம் எள்ளளவும் இல்லை.

லிப்ரே ஒபிஸ் மென்பொருளில் தமிழ் மொழிப் பொதியைச் சேர்த்து, அமைப்புகளில் மொழியைத் தெரிவுசெய்து, ஒருமுறை மூடித் திறந்தாற் போதும். மைக்ரோசொப்ட் ஒபிஸுக்கும் அத்தகைய தமிழ்ப் பொதி உண்டு. நாம் பழக்கிய சொற்பட்டியல், கடித மாதிரிகள், சுருக்கெழுத்து விரிவுகள் ஆகியவை மென்பொருளுக்குள் அல்லாமல் பயனர் கோப்புறை என்னும் தனியிடத்தில், விண்டோஸில் சாதாரணமாகக் கண்ணுக்குப் புலப்படாத ஓரிடத்தில், தங்கியிருக்கின்றன. மென்பொருளை மூடிவிட்டு அந்தக் கோப்புறையையும், அவுட்லுக் பாவிப்பவராயின் அதன் அஞ்சற் கோப்பையும், பென்டிரைவில் முதலிற் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். மாற்றிய பின் சுருக்கெழுத்து விரிவுகள் வேலை செய்யாவிட்டால் பதற வேண்டாம்: அப்பட்டியல்கள் மொழிவாரியாகப் பிரித்து வைக்கப்படுவதால், ஆங்கிலப் பட்டியலிற் சேர்த்தவை தமிழ் எனக் குறிக்கப்பட்ட பத்தியில் தலைகாட்டா, அவை அழிந்துபோனவை அல்ல.

மெய்யான அபாயம் வேறோரிடத்தில் இருக்கிறது. நம்மவர் பல்லாண்டுகளாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த ஆவணங்கள், கணினியின் உள்ளே ஆங்கில எழுத்துகளாகவும் நிறுத்தக் குறிகளாகவுமே சேமிக்கப்பட்டிருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற சிதறலாகத் தோன்றும். அவற்றை யுனிகோட்டுக்கு மாற்றுவதே நிலையான பரிகாரம். எனினும் ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய எழுத்துகள் பாமினியில் அடைப்புக்குறி முதலிய குறிகளின் இடத்தைப் பிடித்திருப்பதால், மாற்றும் கருவி ஒன்றை மற்றொன்றாகக் கொண்டுவிடக்கூடும். அவ்வெழுத்துகளோ ஹாஜரா, முஸம்மில், ஜெமீலா என நம் பெயர்களில் நிறைந்து கிடப்பவை. ஆகையால் பழைய கோப்பை அழிக்காமல் வைத்துக்கொண்டு, பெயர்களை அடையாள அட்டைப் பிரதியோடு ஒவ்வொன்றாக ஒப்புநோக்குவது, அலுப்புத் தருவதாயினும், தவிர்க்கத்தகாத கடமை. பெயரில் ஓரெழுத்துப் பிசகினால் ஒரு விதவையின் உதவிப்பணம் தடைப்படலாம்.

இவ்வாறு எடுத்த பிரதிகளில் ஒன்றேனும் கரையோரத்துக்கு அப்பால், உட்பகுதியிலிருக்கும் உறவினர் வீட்டிலாவது பத்திரமாக இருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி அம்பாறைக் கரையில் 10,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோன சுனாமிக் கடல், பிழைத்தவர்களின் பத்திரங்களையும் விட்டுவைக்கவில்லை.

மஹல்லாப் பதிவேடு பிறருடைய வாழ்க்கை விபரம் என்பதையும் நிருவாகிகள் மறத்தலாகாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பற்றிய விபரத்தைப் பார்வையிடவும் பிழையைத் திருத்துவிக்கவும் கோரும் உரிமையை வகுத்து, அதனைக் கண்காணிக்கத் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையையும் தோற்றுவித்தது. அனுமதியின்றிப் பிறர் கணினியினுள் நுழைவதை 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் குற்றமாக்குகிறது. ஆதலின், கணினியைத் திருத்துநரிடம் கொடுக்கும்போது எந்தக் கோப்புறையைத் தொடலாம், எதனைத் தொடலாகாது என்பதை எழுதி, திகதியிட்டு, அவரிடம் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். நஷ்டம் நேர்ந்து பொலிஸில் முறைப்பாடு செய்ய நேரிட்டால், அத்தாளே உங்கள் கைவசமிருக்கும் முதற் சான்று.