காருக்குள் தண்ணீர் புகுந்தால்

கார் எதனால் ஓடுகிறது? பெட்ரோலால் ஓடுகிறது. டீசலால் ஓடுகிறது. மும்பை, டெல்லி நகரங்களில் பல டாக்ஸிகள் கேஸில் ஓடுகின்றன. ஆனால் எந்தக் காருக்கும் மின்சாரம் வேண்டும். ஹார்ன் அடிக்க மின்சாரம் வேண்டும். விளக்கு எரிய, வைப்பர் ஆட, கதவுக் கண்ணாடி ஏறி இறங்க மின்சாரம் வேண்டும்.

இந்த மின்சாரம் பேட்டரியிலிருந்து வருகிறது. அதன் அளவு 12 வோல்ட். அது வயர் வழியாகப் போய் வேலை செய்கிறது. பிறகு காரின் இரும்பு உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிறது. திரும்பி வரும் இந்த வழிக்கு எர்த் என்று பெயர்.

பல வயர்கள் காருக்குள் கார்ப்பெட்டுக்கு அடியில் போகின்றன. மழைத் தண்ணீர் தேங்குவதும் அங்கேதான்.

தண்ணீர் என்ன கெடுதல் செய்யும்?

செம்புக் குடத்தைத் தேய்க்காமல் விட்டால் என்ன ஆகும்? பச்சைக் களிம்பு பிடிக்கும். வயருக்குள் இருப்பதும் செம்புதான். ஈரம் பட்டால் அதிலும் களிம்பு பிடிக்கும். களிம்பு இருந்தால் மின்சாரம் சரியாகப் போகாது.

இன்னொரு கெடுதலும் உண்டு. அழுக்குத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். போகக் கூடாத வழியில் மின்சாரம் போகும். வயர் சூடாகும். தீப்பிடிக்கவும் கூடும்.

பழுது உடனே தெரியும் என்று சொல்ல முடியாது. மழை நின்று ஒரு மாதம் கழித்தும் வரும்.

தண்ணீர் எந்த வழியாக வந்தது?

இதை முதலில் கண்டுபிடியுங்கள். ஓட்டையை அடைக்காமல் வயரை மாற்றினால் காசுதான் வீண்.

1. முன் கண்ணாடியின் ரப்பர் வெடித்திருக்கலாம்.
2. வைப்பருக்குக் கீழே தண்ணீர் வடியும் துளை இருக்கும். அதை இலை, சருகு அடைத்திருக்கலாம்.
3. கதவின் அடியிலும் சிறு துளைகள் உண்டு. அவற்றை மண் அடைத்திருக்கலாம்.
4. மழையே இல்லை, ஏசி போட்டால் மட்டும் உள்ளே ஈரமா? ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கும்.

முதலில் செய்ய வேண்டியது

சாவியைத் திருப்பிப் பார்க்காதீர்கள். கேஸ் வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். சிலிண்டர் வால்வை மூடுங்கள்.

பிறகு பேட்டரி வயரைக் கழற்றுங்கள். மைனஸ் வயரை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். அப்போது ஸ்பேனர் தவறி காரின் உடலில் பட்டாலும் தீப்பொறி வராது.

கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். மேலே காய்ந்திருக்கும். அடியில் உள்ள பஞ்சு தண்ணீரைக் குடித்திருக்கும். வெளியே எடுத்து வெயிலில் நன்றாகக் காய வையுங்கள்.

பழுது எங்கே?

ஒரு டாக்ஸி ஓட்டுநர் இருக்கிறார். மழைக்குப் பிறகு அவர் வண்டியில் ஹார்னும் இல்லை, இண்டிகேட்டரும் இல்லை. "வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும்" என்கிறார் கடைக்காரர். வண்டி நின்றால் அன்றைய வருமானம் இல்லை. ஓட்டுநர் என்ன செய்யலாம்?

எது வேலை செய்யவில்லை, எது வேலை செய்கிறது என்று ஒரு தாளில் எழுதலாம். ஒரு பொருள் மட்டும் கெட்டால் அதன் வயரையும் கனெக்டரையும் பார்க்க வேண்டும். பல பொருள்கள் ஒன்றாகக் கெட்டால் அவற்றுக்குப் பொதுவான ஃபியூஸையோ எர்த்தையோ பார்க்க வேண்டும்.

ஃபியூஸ் பெட்டியின் மூடியிலோ வண்டியின் கையேட்டிலோ எந்த ஃபியூஸ் எதற்கு என்று போட்டிருக்கும். ஃபியூஸின் தலையில் எண் இருக்கும். படித்துப் பாருங்கள். 10 என்றால் சிவப்பு. 15 நீலம். 20 மஞ்சள். 30 பச்சை. 10 போனால் 10 மட்டுமே போட வேண்டும். 30 போடக் கூடாது. வயர்த் துண்டையோ சிகரெட் தாளையோ வைக்கவே கூடாது. புது ஃபியூஸும் உடனே போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. அதைத் தேட வேண்டும்.

இண்டிகேட்டர் போட்டால் பின் விளக்கும் சேர்ந்து மினுக்குகிறதா? எர்த் கெட்டிருக்கலாம். எர்த் வயர் காரின் உடலில் போல்ட் போட்டு முறுக்கியிருக்கும். அதைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மறுபடி முறுக்கினால் போதும். வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்காது.

இரவில் பேட்டரி இறங்கிவிடுகிறதா? சாவியை எடுத்து, கதவுகளை மூடுங்கள். மைனஸ் வயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவே டெஸ்ட் விளக்கை வையுங்கள். அரை மணி கழித்தும் விளக்கு பளிச்சென்று எரிந்தால் மின்சாரம் கசிகிறது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுத்தால் விளக்கு அணைகிறதோ அந்த வழியில்தான் கசிவு.

நீங்களே தொடக் கூடாதவை

மஞ்சள் உறை போட்ட வயர் பெரும்பாலும் ஏர்பேக் வயர். மின்சாரக் காரில் ஆரஞ்சு நிற வயர்களில் ஓடுவது 12 வோல்ட் அல்ல, பல நூறு வோல்ட். அது உயிரைப் பறிக்கும். இரண்டையும் பயிற்சி பெற்ற மெக்கானிக் மட்டுமே தொட வேண்டும்.

வெள்ளம் வந்தால்

2005 ஜூலை 26 அன்று மும்பையில் பெருமழை பெய்தது. சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. காருக்குள் சிக்கிச் சிலர் உயிரிழந்தார்கள். தண்ணீர் ஏறினால் மின் பூட்டும் கண்ணாடியும் வேலை செய்யாமல் போகலாம். ஆகவே தண்ணீர் ஏறத் தொடங்கியதுமே கண்ணாடியை இறக்குங்கள். வண்டியை விட்டு வெளியேறுங்கள். வண்டியை மறுபடி வாங்கலாம். உயிரை வாங்க முடியாது.

வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் எஞ்சினே உடையும். முழுக் காப்பீடு இருந்தால் முதலில் படம் எடுத்துக் காப்பீட்டு அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அதன் பிறகு வேலையைத் தொடங்குங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் இந்தச் செலவுக்குப் பணம் கிடைக்காது.

பதில் சொல்லுங்கள்

1. பேட்டரியில் எந்த வயரை முதலில் கழற்ற வேண்டும்? ஏன்?
2. 10 எண் ஃபியூஸ் இருந்த இடத்தில் 30 போட்டால் என்ன ஆகும்?
3. உங்கள் ஊரில் யாரிடமாவது கார் இருக்கிறதா? அதன் ஃபியூஸ் பெட்டி எங்கே என்று கேட்டுப் பாருங்கள். மூடியில் எழுத்து இருந்தால் படியுங்கள்.